இரண்டு பெண் பறவைகள் ஜோடி சேர்ந்து குஞ்சு வளர்க்குமா?

"மிருகக்காட்சி சாலையில் இரண்டு ஆண் பென்குயின்கள் சேர்ந்து குஞ்சு வளர்த்த செய்தியைப் படித்தேன். கூண்டுக்கு வெளியே, தன்னிஷ்டப்படி வாழும் பறவைகளிலும் இப்படி ஒரே பால் ஜோடிகள் உண்டா? இரண்டு பெண்கள் என்றால் அந்த முட்டைக்கு அப்பா யார்? ஏன் அப்படிச் சேருகின்றன?" இதுதான் கேள்வி.

உண்டு. ஏதோ ஒன்றிரண்டு இடத்தில் நடந்த அதிசயம் என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு உண்டு. ஒரே பாலைச் சேர்ந்த இரண்டு பறவைகள் ஒன்றையொன்று கவர முயல்வது, இணைய முயல்வது, ஜோடியாக வாழ்வது என்று ஏதோ ஒரு வகையில் 130க்கும் மேற்பட்ட பறவை இனங்களில் பதிவாகியிருக்கிறது. ஆனால் அத்தனையையும் ஒரே மூட்டையில் கட்டினால் ஒன்றும் விளங்காது. ஒரு பருவத்தில் ஓர் ஆண் இன்னோர் ஆண்மேல் ஏறுவது வேறு. இரண்டு பெண்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்துக்குத் திரும்பி வந்து, முட்டையிட்டு, முறை வைத்து அடைகாத்து, குஞ்சை வளர்த்துப் பறக்கவிடுவது வேறு. உங்கள் கேள்வி இரண்டாவதைப் பற்றியது. அதைப் பொறுமையாக, வருடக்கணக்கில் கவனித்த இடம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஹவாயில் ஓவாஹு என்றொரு தீவு. ஹொனலுலு நகரம் இருப்பது அங்கேதான். அதன் மேற்குக் கோடியில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்மேட்டுக்குக் காயெனா முனை என்று பெயர். நவம்பர் வந்தால் லேசன் அல்பட்ராஸ் பறவைகள் அங்கே வந்து இறங்கும். ஹவாய் மக்கள் இதை மோலி என்பார்கள். சிறகை விரித்தால் முனைக்கு முனை சுமார் 2 மீட்டர் நீளம், எடை 3 கிலோ அளவு, வெள்ளை உடம்பு, கருத்த சிறகு, கண்ணுக்கு மை தீட்டியது போல ஒரு நிழல். ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாலும் எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் கதை முழுக்க இதில்தான் தொங்குகிறது.

இந்தப் பறவை குஞ்சு வளர்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். ஒரு பெண் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அது உடைந்தால் அந்த ஆண்டு அவ்வளவுதான், மறுமுட்டை கிடையாது. முட்டையின் எடை தாயின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இட்டு முடித்தவுடன் தாய் இளைத்துப் போயிருக்கும். நேரே கடலுக்குப் போய்விடும். அப்போது ஆண் முட்டைமேல் உட்காரும். துணை திரும்பி வரும்வரை வாரக்கணக்கில் எழுந்திருக்காது, இரை எடுக்காது. பிறகு முறை மாறும். இப்படி மாறி மாறி சுமார் 65 நாள். ஜனவரி கடைசியில் அல்லது பிப்ரவரியில் குஞ்சு வெளியே வரும். அதற்குப் பிறகு ஐந்தரை மாதம் இரண்டும் வட பசிபிக் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அலைந்து கணவாயும் மீன்முட்டையும் தின்று, வயிற்றில் எண்ணெயாக்கிக் கொண்டுவந்து குஞ்சின் வாயில் ஊற்றும். இரண்டில் ஒன்று செத்துப்போனாலோ வராமல் போனாலோ மற்றது எவ்வளவு முயன்றாலும் அந்தக் குஞ்சு பிழைப்பது மிகக் கடினம்.

ஆக, இந்தப் பறவைக்கு இணைசேரல் என்பது சில நிமிட வேலை. வளர்ப்பு என்பது எட்டு மாத வேலை. நிமிட வேலைக்கு எந்த ஆணும் போதும். எட்டு மாத வேலைக்குக் கூடவே இருக்கிற, ஏமாற்றாத, மறுபடி வருகிற ஒரு துணை வேண்டும். அப்பாவை இரவல் வாங்கிவிடலாம். துணையை இரவல் வாங்க முடியாது. நான் சொல்ல வந்ததன் மையம் இதுதான், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான் வரும்.

சரி, இது எப்படித் தெரியவந்தது? சில கூடுகளில் ஒரு முட்டைக்குப் பதில் இரண்டு முட்டை கிடப்பதைப் பல பத்தாண்டுகளாகவே பார்த்திருக்கிறார்கள். மிட்வே தீவில் ஆராய்ந்த ஹார்வி ஃபிஷர் 1968லேயே இந்த இரட்டை முட்டைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பெண் இரண்டு முட்டை இட முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். வேறு ஏதோ ஒரு பெண் வந்து தன் முட்டையைப் போட்டுவிட்டுப் போயிருக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். கூட்டில் உட்கார்ந்திருக்கும் இரண்டுமே பெண்ணாக இருக்கலாம் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

பக்கத்துத் தீவான காவாயில் பிரெண்டா ஸான் என்ற உயிரியலாளர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இரட்டை முட்டை எங்கு வேண்டுமானாலும் தற்செயலாக வருவதில்லை, குறிப்பிட்ட சில கூடுகளில் ஆண்டு தவறாமல் வருகிறது என்பதை அவர் கவனித்தார். எவளோ ஒருத்தி வழிதவறிப் போட்டுவிட்டுப் போவதாக இருந்தால் ஆண்டுக்கு ஒரு கூடு என்று மாறி மாறி அல்லவா வரவேண்டும்? அந்தக் கூட்டுப் பறவைகளின் இறகுகளைப் பிடுங்கி, காயெனாவில் ஆராய்ந்துகொண்டிருந்த லிண்ட்சே யங்கிடம் அனுப்பி, ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார்.

பறவைகளில் இதை மரபணு வைத்துச் சொல்வது எளிது. நம்மில் ஆணுக்குத்தான் எக்ஸ், ஒய் என்று இரண்டு வித நிறப்புரிகள்; பறவைகளில் அது தலைகீழ். ஆணுக்கு இரண்டும் இசட், பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. இரண்டிலும் இருக்கிற, ஆனால் நீளத்தில் கொஞ்சம் வேறுபடுகிற ஒரு மரபணுத் துண்டைப் பெருக்கிப் பார்த்தால் ஆணுக்கு ஒரு கோடு விழும், பெண்ணுக்கு இரண்டு கோடு விழும். யங் செய்து பார்த்தார். எல்லா மாதிரியிலும் இரண்டு கோடு. தான்தான் சோதனையில் தப்புப் பண்ணிவிட்டதாக அவர் நினைத்தார். மறுபடி செய்தார். அதே முடிவு. மறுபடி களத்துக்குப் போய்ப் புதிதாக மாதிரி எடுத்து வந்து செய்தார். அப்போதும் அதே. இந்தப் பொறுமை எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. வியப்பான முடிவு ஒன்று கைக்கு வந்தவுடன் உலகத்துக்குச் சொல்ல ஓடாமல், முதலில் தன் கையைச் சந்தேகப்பட்டார்.

அப்புறம் காயெனா முனையில் தான் கவனித்து வந்த எல்லா ஜோடிகளையும் சோதித்தார். 125 ஜோடிகளில் 39 ஜோடிகள் பெண்ணும் பெண்ணும். அதாவது 31 சதவீதம். அதில் 20க்கும் மேற்பட்ட கூடுகளில் இரண்டாவது முட்டையை யாரும் பார்த்ததே இல்லை, அதனால் சந்தேகப்படவும் வழியில்லை. யங், ஸான், எரிக் வாண்டர்வெர்ஃப் மூவரும் 2008ல் இதை வெளியிட்டார்கள். ஹவாயில் இப்படி ஒரு பெண் ஜோடி 19 ஆண்டுகள் சேர்ந்தே இருந்ததும் அப்போது வெளியே தெரிந்தது. மூன்று குடும்பத்தில் ஒன்று கண்ணெதிரே இப்படி வாழ்ந்துகொண்டிருக்க, பார்த்தவர்கள் எல்லாரும் ஆணும் பெண்ணும் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஜோடிப் பறவை என்றாலே அன்றில் போல ஒரு பேடும் ஒரு சேவலும் என்று நினைத்துப் பழகிய நமக்கும் இது பொருந்தும்.

இதற்கு நம்மூர்ப் பறவைகளிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஏரிக்கரைக்குப் புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்களிடம் மயில் உள்ளானைக் காட்டினால், பளிச்சென்று செம்பழுப்புக் கழுத்தோடு நிற்பதை ஆண் என்றும் மங்கலாக இருப்பதைப் பெண் என்றும் உடனே சொல்வார்கள். நானும் முதன்முதலில் அப்படித்தான் சொன்னேன். உண்மையில் பளிச்சென்று இருப்பதுதான் பெண். முட்டையை அடைகாத்துக் குஞ்சைக் கூட்டிக்கொண்டு திரிவது அந்த மங்கலான ஆண். தாமரைக் குளத்தில் இலைமேல் நடக்கும் இலைக்கோழியிலும் அடைகாப்பது ஆண்தான். யார் உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்து ஆணா பெண்ணா என்று முடிவு கட்டுவது பறவைகளிடம் பலிக்காது.

இனி அப்பா யார் என்ற கேள்விக்கு வருவோம். அப்பா, அதே கூட்டத்தில் வேறொரு பெண்ணோடு ஜோடி கட்டி வாழும் ஓர் ஆண். அல்பட்ராஸ் ஒருதுணைப் பறவை என்று சொல்வது குடும்பம் நடத்துவதைப் பற்றித்தான். இணைசேர்வதில் சில ஆண்கள் வெளியேயும் போகும். சில சமயம் பெண்ணின் விருப்பத்தோடு, சில சமயம் பலவந்தமாகவும் நடக்கிறது. அதை மறைத்து எழுத வேண்டியதில்லை. அந்த ஆண் வளர்ப்பில் ஒரு நாள்கூடப் பங்கெடுப்பதில்லை. தன் கூட்டுக்குப் போய்விடும்.

பெண் ஜோடியில் பெரும்பாலும் இரண்டுமே முட்டையிடும். அதனால்தான் இரட்டை முட்டை. ஆனால் அல்பட்ராஸின் வயிற்றில் அடைச்சூடு கொடுக்கும் வெற்றுத்தோல் ஒரு முட்டைக்குத்தான் போதும். ஒன்று கூட்டை விட்டு உருண்டு வெளியே போய்விடும். எது தங்கும், எது உருளும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. தங்கிய முட்டை கருவுறாததாகவும், வெளியே போனது கருவுற்றதாகவும் இருந்துவிட்டால் இரண்டும் 65 நாளோ அதற்கு மேலோ வெறும் முட்டையின்மேல் உட்கார்ந்திருக்கும். ஆனால் இந்தக் குலுக்கல் ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. ஓர் ஆண்டு ஒருத்தியின் முட்டை, இன்னோர் ஆண்டு மற்றவளின் முட்டை. ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் குஞ்சு வளர்த்த பெண் ஜோடிகளின் குஞ்சுகளைச் சோதித்தபோது, பெரும்பாலான ஜோடிகளில் இருவருக்குமே குறைந்தது ஒரு சொந்தக் குஞ்சு இருந்தது. இருவரும் அக்கா தங்கையும் இல்லை, உறவே இல்லாதவர்கள். தன் இரத்தமில்லாத குஞ்சுக்காக எட்டு மாதம் உழைத்தவளுக்கு, வேறோர் ஆண்டில் அதே உழைப்பு திரும்பக் கிடைக்கிறது. நீண்ட காலம் சேர்ந்திருந்தால் மட்டுமே கணக்கு நேராகும் ஏற்பாடு இது.

நீண்ட காலம் என்று சொல்வதில் மிகையில்லை. 1956ல் மிட்வே தீவில் காலில் வளையம் மாட்டப்பட்ட விஸ்டம் என்ற லேசன் அல்பட்ராஸ் 2024ல், ஏறக்குறைய 74 வயதில், மீண்டும் முட்டையிட்டது. இந்தப் பறவைகளுக்கு அவசரம் கிடையாது. பிறந்து மூன்று முதல் ஐந்து ஆண்டு கடலிலேயே இருந்துவிட்டு, பிறகு கரைக்கு வந்து, அலகைத் தட்டி, தலையைச் சிறகுக்குள் நுழைத்து, வானத்தைப் பார்த்துக் குரல் கொடுத்து ஆடும். இப்படிச் சில ஆண்டுகள் ஆடிப் பார்த்துத்தான் துணையைத் தேர்ந்தெடுக்கும். பெண் ஜோடிகளும் இதே ஆட்டத்தை ஆடுகின்றன, ஒன்றன் கழுத்து இறகை மற்றொன்று கோதிவிடுகின்றன, ஒன்று கடலிலிருந்து திரும்பினால் மற்றது வரவேற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியாது.

இவை நன்றாக வாழ்கின்றன என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது நேர்மை ஆகாது. யங்கும் வாண்டர்வெர்ஃபும் 2014ல் அடுத்த கட்ட ஆய்வை வெளியிட்டார்கள். ஆண் துணையோடு இருக்கும் பெண்களை விடப் பெண் துணையோடு இருப்பவை 80 சதவீதம் குறைவாகவே குஞ்சுகளைப் பெற்றன. அவற்றின் ஆயுளும் குறைவு. முட்டையிடாமல் விடும் ஆண்டுகளும் அதிகம். காரணத்தை யோசித்தால் கஷ்டமாக இருக்கும். சாதாரண ஜோடியில் முட்டையிட்டு இளைத்தவள் கடலுக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொள்வாள், கொழுத்து வந்த ஆண் முதல் முறை உட்காரும். பெண் ஜோடியில் இரண்டுமே முட்டையிட்டு இளைத்தவை. யாராவது ஒருத்தி அந்த இளைத்த உடம்போடு முதல் முறை உட்கார்ந்தாக வேண்டும். துணை வருவதற்குத் தாமதமானால் முட்டையை விட்டுவிட்டு இரை தேடப் போவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

பிறகு ஏன் சேருகின்றன? காயெனாவில் பறவைகளில் 59 சதவீதம் பெண்கள். இந்தக் கூட்டமே புதிது. 1980களில் அந்த முனைக்குள் வண்டிகள் ஓடுவதைத் தடுத்த பிறகுதான் பறவைகள் அங்கே நிலைக்கத் தொடங்கின. (2011ல் எலி, கீரி, பூனை, நாய் எதுவும் நுழைய முடியாதபடி முனையின் குறுக்கே 2 மீட்டர் உயர வேலியும் போட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் இப்படிப்பட்ட முதல் வேலி அதுதான்.) பறவைகளில் பொதுவாக ஆண் பிறந்த மண்ணைத் தேடித் திரும்பும், பெண் வெளியூர் போகும். ஆகவே புதிதாக உருவாகும் கூட்டத்துக்குக் குடிவருபவர்களில் பெண்கள் அதிகம். எல்லா ஆண்களும் ஜோடி கட்டிய பிறகும் பெண்கள் மிச்சமிருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் இரண்டே வழி: தனியாகக் காத்திருந்து ஒரு குஞ்சும் பெறாமல் இருப்பது, அல்லது தன்னைப் போலவே காத்திருக்கும் இன்னொருத்தியோடு சேர்ந்து முயல்வது. ஆண் துணையோடு ஒப்பிட்டால் இரண்டாவது வழி மோசம். தனிமையோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல்.

2014 ஆய்வில் இன்னொரு செய்தி இருக்கிறது, எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருப்பது அதுதான். பெண் துணையோடு குஞ்சை வளர்த்து முடித்தவர்களில் சிலருக்கு அடுத்த ஆண்டு ஆண் துணை கிடைத்தது. பெண் ஜோடியாக முயன்று தோற்றவர்களில் ஒருத்திக்குக்கூடக் கிடைக்கவில்லை. ஆண்கள் குறைவாக இருக்கும் இடத்தில் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பது ஆண்தான். அது வளர்த்துக் காட்டியவளைத் தேர்ந்தெடுக்கிறது என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். அப்படியானால் இந்த ஜோடி வெறும் ஆறுதல் ஏற்பாடாக மட்டும் இருக்கவில்லை, சிலருக்கு அது ஒரு தொடக்கமாகவும் இருந்திருக்கிறது. அதே சமயம் ஆண்டுக்கணக்கில் பிரியாமல் இருந்த ஜோடிகளும் உண்டு என்பதை மறக்கக்கூடாது. ஆண் பற்றாக்குறை என்பது இவை ஏன் சேர்ந்தன என்பதைச் சொல்லும். சேர்ந்த பிறகு அவற்றுக்குள் இருக்கும் பிணைப்பு அதனால் குறைந்துவிடுவதில்லை.

அல்பட்ராஸுக்கு முன்பே இதைக் காட்டிய பறவை கடற்காகம். கலிபோர்னியாவுக்கு அருகே சாண்டா பார்பரா தீவில் ஜார்ஜ் ஹன்ட், மோலி ஹன்ட் தம்பதி 1970களில் மேற்குக் கடற்காகங்களை ஆராய்ந்தார்கள். சாதாரணமாக மூன்று முட்டைக்கு மேல் இருக்காது. சில கூடுகளில் நாலு, ஐந்து, ஆறு என்று கிடந்தன. அந்தக் கூட்டுப் பறவைகளைப் பிடித்துப் பார்த்தால் இரண்டுமே பெண். 1977ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைப்படி, அங்கே 14 சதவீத ஜோடிகள் வரை இப்படி இருந்திருக்கலாம். அங்கும் காரணம் ஆண் பற்றாக்குறை, ஆனால் அந்தப் பற்றாக்குறைக்குப் பின்னால் மனிதக் கை இருந்ததாகச் சந்தேகம் எழுந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த டிடிடி என்ற பூச்சிக்கொல்லி ஆலையின் கழிவு பல ஆண்டுகளாக அந்தக் கடலில் கலந்துகொண்டிருந்தது. 1981ல் மைக்கேல் ஃப்ரையும் சி. கே. டூனும் கடற்காக முட்டைகளுக்குள் டிடிடியைச் செலுத்திப் பார்த்தபோது, ஆண் கருக்களில் சூலகத் திசு உருவானதைக் கண்டார்கள்.

இந்த இடத்தில்தான் பலர் வழிதவறுகிறார்கள். "அப்படியென்றால் இதெல்லாம் விஷத்தால் வந்த கோளாறு" என்று முடித்துவிடுகிறார்கள். இல்லை. காயெனாவில் நடப்பது குடிபெயர்வால். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ரோஜா ஆலாக்களிலும் பெண்கள் அதிகமாகிப் பெண் ஜோடிகள் இருக்கின்றன. 1980களில் மைக்கேல் கோனோவரும் ஜார்ஜ் ஹன்ட்டும் கடற்காகக் கூட்டங்களிலிருந்து சில ஆண்களை மட்டும் அகற்றிப் பார்த்தார்கள். எந்த விஷமும் இல்லாமலே பெண் ஜோடிகள் கூடின. ஆண்கள் எதனால் குறைந்தாலும் அந்தப் பெண்கள் செய்தது ஒன்றுதான். ஃப்ளோரிடாவில் வெள்ளை அரிவாள் மூக்கன்களுக்கு உணவில் பாதரசம் கலந்து கொடுத்தபோது ஆண்–ஆண் ஜோடிகள் கூடியதாக 2010ல் ஓர் ஆய்வு வந்ததும் உண்மைதான். அது வலைக்கூண்டுக்குள் நடந்த சோதனை, அந்த ஒரு பறவையைப் பற்றியது. அதை எடுத்து மற்ற எல்லாப் பறவைகளின் தலையிலும், மனிதர்களின் தலையிலும் கட்டுவது தவறு.

ஆண் ஜோடிகள் வளர்ப்பதும் உண்டா என்றால், ஆஸ்திரேலியாவின் கருப்பு அன்னம்தான் சரியான உதாரணம். இரண்டு ஆண்கள் ஜோடியாக இருந்து ஒரு நீர்ப்பரப்பைத் தங்கள் எல்லையாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். முட்டை வேண்டுமே? ஒன்று, மற்றொரு ஜோடியின் கூட்டை முட்டையோடு கைப்பற்றும். அல்லது ஒரு பெண்ணைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு, முட்டையிட்டதும் அவளைத் துரத்திவிடும். பிறகு இரண்டும் மாறி மாறி அடைகாத்துக் குஞ்சுகளை வளர்க்கும். இந்த இனத்தில் ஆணும் அடைகாப்பதால் வேலை தெரியாமல் திண்டாடுவதில்லை. இரண்டு பெரிய உடம்புகள் காவல் நிற்பதால் நல்ல இடமும் கிடைக்கிறது, குஞ்சுகளும் நன்றாகப் பிழைக்கின்றன. விரட்டப்பட்ட பெண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது இனிமையான கதை இல்லை. ஆனாலும் நான் முன்னே சொன்ன கணக்கு இங்கேயும் நிற்கிறது. அல்பட்ராஸ் அப்பாவை இரவல் வாங்குகிறது, அன்னம் முட்டையைப் பறித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நிரந்தரமாகத் தேவைப்படுவது கூட நின்று வேலை செய்யும் துணை.

கிரேலாக் வாத்துகள் இதற்குள்ளும் அடங்குவதில்லை. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கான்ராட் லோரன்ஸ் வளர்த்துக் கவனித்த கூட்டங்களில் இரண்டு ஆண்கள் வருடக்கணக்கில் பிரியாமல் ஜோடியாக இருந்தன. கழுத்தை நீட்டிக் குரலெழுப்பி ஒன்றையொன்று வாழ்த்திக்கொண்டன. அவை குஞ்சு வளர்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எல்லா ஜோடியையும் குஞ்சுக் கணக்கில் விளக்கிவிடலாம் என்று நினைக்கும்போதெல்லாம் இந்த வாத்துகள் எனக்கு நினைவுக்கு வரும்.

நெதர்லாந்தின் ஸ்கீர்மோனிகோக் தீவில் சிப்பி பிடிப்பான் என்ற கரையோரப் பறவைகளிடம் வேறு மாதிரி. அங்கே சில சமயம் ஓர் ஆணும் இரண்டு பெண்களுமாக மூவர் குடும்பம் அமையும். சில குடும்பங்களில் இரண்டு பெண்களும் தனித்தனிக் கூடு வைத்து நாள் முழுக்கச் சண்டை போடும். வேறு சிலவற்றில் இருவரும் ஒரே கூட்டில் முட்டையிட்டு, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இறகு கோதி, தங்களுக்குள்ளேயே இணையவும் செய்யும். 1998ல் வெளியான இந்த ஆய்வு, ஒரே சூழ்நிலையில் இருக்கும் இரண்டு பெண்கள் பகைக்கவும் செய்யலாம், சேரவும் செய்யலாம் என்று காட்டியது.

இவ்வளவு இருந்தும் நமக்கு ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிந்தது என்று கேட்கலாம். பாதிக் காரணம், ஆணும் பெண்ணும் ஒன்றுபோல இருக்கும் இனங்களை மரபணு வைத்துப் பார்க்கும் வசதி அண்மையில் வந்தது. மீதிக் காரணத்துக்கு ஜார்ஜ் மர்ரே லெவிக்கின் குறிப்பேடு சாட்சி. தென்துருவப் பயணி ராபர்ட் ஸ்காட்டின் கடைசிப் பயணத்தில் போன மருத்துவர் அவர். 1911–12ல் அண்டார்டிகாவின் கேப் அடேரில் அடேலி பென்குயின்களைக் கவனித்தார். ஆணும் ஆணும் இணைய முயல்வது உட்பட, தனக்கு அதிர்ச்சியாக இருந்ததை எல்லாம் எழுதினார். ஆனால் எல்லாரும் படித்துவிடக் கூடாது என்று கிரேக்க எழுத்தில் எழுதினார். 1915ல் அந்தப் பகுதி நூறு பிரதி மட்டும் அச்சாகி, வெளியிடுவதற்கு இல்லை என்ற குறிப்போடு சிலர் கைக்கு மட்டும் போனது. அது பொதுவில் அச்சானது 2012ல். அவர் பார்த்தது ஜோடி வாழ்க்கை இல்லை, இணைசேரும் முயற்சிகள்தான். என்றாலும் கண்ணில் பட்டதைக் காகிதத்தில் வைக்கவே மனிதர்கள் கூசினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

"அப்படியானால் இந்தப் பறவைகள் ஓரினச்சேர்க்கையாளர்களா?" என்று அடுத்து கேட்பீர்கள். அந்தச் சொல் மனிதர் ஒருவர் தன்னை எப்படி உணர்கிறார், யாரை விரும்புகிறார் என்பதைக் குறிக்கிறது. அல்பட்ராஸ் தன்னைப் பற்றி என்ன உணர்கிறது என்று கேட்டு அறிய வழியில்லை. ஆய்வாளர்களும் தங்கள் கட்டுரைகளில் பெண்–பெண் ஜோடி, ஒரே பால் ஜோடி என்று மட்டுமே எழுதினார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். இந்தப் பறவைகளைக் காட்டி மனித உறவுகளுக்கு நியாயம் தேடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை, கண்டனம் தேடுவதிலும் உடன்பாடில்லை. இரண்டு மனிதர்கள் அன்பாக வாழ்வதற்குப் பறவையின் சிபாரிசு எதற்கு? ஆனால் "இயற்கையில் இப்படி எதுவுமே கிடையாது" என்று யாராவது உறுதியாகச் சொன்னால், அது தகவல் பிழை என்று தைரியமாகச் சொல்லலாம். காயெனாவின் 39 ஜோடிகளை எடுத்துச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. காவாய் தீவில் கடற்படைத் தளம் ஒன்று இருக்கிறது. அதன் ஓடுபாதைக்குப் பக்கத்திலும் அல்பட்ராஸ்கள் முட்டையிடும். விமானத்தில் மோதினால் பறவைக்கும் ஆபத்து, விமானத்துக்கும் ஆபத்து. அதனால் அங்கே இடப்படும் முட்டைகளை எடுத்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, கரு வளர்கிற முட்டைகளைத் தீவின் வடகரைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே கருவுறாத முட்டைமேல் உட்கார்ந்திருக்கும் ஜோடியைத் தேடி, வெறும் முட்டையை எடுத்துவிட்டு உயிருள்ள முட்டையை வைக்கிறார்கள். பெண் ஜோடிகளின் கூடுகளில் கருவுறாத முட்டைகள் அதிகம் என்பதால் வளர்ப்புப் பெற்றோராக அவற்றுக்கும் இடம் கிடைத்தது. அடைகாக்க, முறை மாற, இரை கொண்டுவர இரண்டும் தயாராக இருக்கின்றன. இல்லாதது நல்ல முட்டை ஒன்றுதான். அது கிடைத்துவிட்டால் ஜூனிலோ ஜூலையிலோ அந்தக் கூட்டுக் குஞ்சும் மற்றக் குஞ்சுகளைப் போலவே காற்றைப் பார்த்துச் சிறகை விரித்து நிற்கும். பிறகு கடலுக்குப் போய்விடும். பிழைத்திருந்தால் மூன்று முதல் ஐந்து ஆண்டு கழித்து அதே கரைக்கு ஆட வரும்.